பரமதத்தன் ஏறுன கப்பலும் கொரியாக்காரன் எடுத்த படமும்

சியோல்ல மழை பெஞ்சா கோட்டுச்சேரியில ஒருத்தி மூக்கைச் சிந்துறா. இது எந்த ஊரு நியாயம்னு கேக்குறேன். நம்ம ஊர்ல மழை பெஞ்சு நடவு முழுவிப் போனப்ப ஒரு சொட்டு கண்ணீர் விடாத புள்ளைங்க, அங்க எவனோ ஒருத்தன் குடையை மறந்து வச்சிட்டு வந்ததுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள தேம்புதுங்க. சரி, அழுவுங்க. கண்ணு சுத்தமாவும். ஆனா அழுவுறதுக்கும் ஒரு தராதரம் வேணாமா? எந்தப் படத்தைப் பாத்து, யாருக்காக, எவ்வளவு அழுவணும்னு சொல்லிக்குடுக்க வீட்டுக்கு ஒரு பெரிய மனுசன் வேணும். உங்க வீட்டுல இல்லேன்னா நான் இருக்கேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தொடர் வேற, படம் வேற. பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி புதுயுகம் தொலைக்காட்சியில கொரியாக்காரங்களைத் தமிழ்ல பேச வச்சு நெடுந்தொடர் போட்டாங்களே, அப்ப புடிச்ச காய்ச்சல் இன்னும் நம்ம பக்கம் எறங்கல. அந்தத் தொடர்ல ஒரு பணக்காரப் பையன், ஒரு ஏழைப் பொண்ணு. நடுவுல பையனோட அம்மா வந்து, ஒரு கவர் நெறையப் பணத்தை நீட்டி, 'எம்புள்ளையை விட்டுட்டுப் போயிடு'ங்கும். நானா இருந்தா வாங்கி எண்ணிப் பாத்துட்டு அப்பறம் அழுவேன். அந்தப் பொண்ணு வாங்காது. அதனாலதான் அது கதாநாயகி, நான் காரைக்கால்காரன்.

படத்துல இந்தக் கவர் வேலையெல்லாம் கெடையாது. அதுல வர்ற சோகம் கால்ல ஏறுன கருவேல முள்ளு. ஏறுனப்ப சுருக்குன்னதோட சரி. ஒடிஞ்சு உள்ள நின்னுக்கும், நாலு நாள் கழிச்சு வரப்புல நடக்குறப்பதான் உயிர் போவும். புருசனும் பொண்டாட்டியும் ஒரே மேசையில ஒக்காந்து சோறு திம்பாங்க. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை ரெண்டு பேரு தொண்டையிலயும் நிக்கும். சொல்ல மாட்டாங்க. படம் முடிஞ்சுபோவும். விளக்கைப் போட்டா நம்ம வீட்டு ஆளுங்களும் அதே மாதிரிதான் ஒக்காந்திருப்பாங்க.

எம்பேத்தி சொல்லுது: "தாத்தா, இது உறவுச் சிக்கல் படம், உங்களுக்குப் புரியாது." அடி ஆத்தி! காரைக்கால்ல பொறந்தவனைப் பாத்துச் சொல்லுற சொல்லா இது? ஒடஞ்சுபோன ஒரு கல்யாணத்துக்காரிக்குக் கோயில் கட்டி, வருசா வருசம் திருவிழா எடுக்குற ஊருடி இது!

காரைக்கால் அம்மையாரா ஆன புனிதவதி கதையை ஒரு வாட்டி வீட்டுக் கதையா மட்டும் பாருங்க. அடியாருங்க கோவிச்சுக்காதீங்க, செத்த நேரந்தான், அப்பறம் சாமியை எடுத்த எடத்துலயே வச்சிடுறேன். தனதத்தன் இந்த ஊர்ப் பெரிய வணிகன். ஒரே பொண்ணு. நாகப்பட்டினத்து நிதிபதி மவன் பரமதத்தனுக்குக் கட்டிக்குடுத்தான். பொண்ணை நாகைக்கு அனுப்ப மனசு வரல. இன்னிக்கு பஸ் ஏறுனா கண்ணசர்றதுக்குள்ள வந்துடுற ஊரு, அதுக்கே அப்பன்காரனுக்குத் தாங்கல. தன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு மாளிகை, கை நெறையப் பொருள், எல்லாம் குடுத்து மாப்பிள்ளையை இங்கயே நிறுத்திக்கிட்டான். சிக்கல் அங்கேயே ஆரம்பிச்சிடுச்சுன்னு நான் சொல்லுவேன். பெரியபுராணம் பாடுன சேக்கிழார் சொல்லல. அவரு மரியாதைப்பட்டவரு.

அப்பறந்தான் அந்த ரெண்டு மாம்பழம். கடையிலேருந்து புருசன் குடுத்தனுப்புனது. பசியோட ஒரு அடியார் வந்தாரு. கறி ஆக்கல, சோறு மட்டுந்தான் ஆயிருந்துச்சு, அதனால ஒரு பழத்தை வச்சுப் படைச்சிட்டா. மத்தியானம் புருசன் வந்தான். மிச்சமிருந்த பழத்தைத் தின்னான். ருசியா இருந்துச்சு. "இன்னொண்ணு இருக்குல்ல, அதையும் போடு"ன்னான். இந்த எடத்துல ஒரே ஒரு வாக்கியம் போதும்: அடியாருக்குக் குடுத்துட்டேங்க. அவ அதைச் சொல்லல. உள்ள போயி நின்னு சாமியை நெனச்சா, கையில பழம் வந்துச்சு. அது முன்னதைவிட ருசியா இருக்கவும், "இது ஏது?"ன்னான். அப்பதான் உண்மையைச் சொன்னா. "அப்படின்னா இன்னொண்ணு வரவழை"ன்னான். வந்துச்சு. அவன் கைக்கு மாறுனதும் மறைஞ்சுபோச்சு.

நம்ம ஆளுன்னா தட்டைத் தூக்கிக் கூடத்துல வீசியிருப்பான். பரமதத்தன் நல்ல குடும்பத்துப் புள்ளை, சத்தமே போடல. பயந்துபோனான். பயத்தைப் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல, மாமனாருகிட்டயும் சொல்லல. அதே வீட்டுல ஒட்டாம இருந்தான். ஒரு நாளு 'கப்பலேறிப் பொருள் தேடிட்டு வரேன்'னு கெளம்புனவன், பாண்டிய நாட்டுல ஒரு பட்டினத்துல எறங்கி, இன்னொரு கல்யாணம் கட்டிக்கிட்டு, பொறந்த பொண்ணுக்குப் புனிதவதின்னே பேரு வச்சான். மொதத் தாரத்துப் பேரை ரெண்டாந்தாரத்து மவளுக்கு வைக்கிற மனுசனை எந்தக் கணக்குல சேக்குறது? விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரங்க அவளைச் சிவிகையில ஏத்திக் கொண்டுபோய் எறக்கவும், பொண்டாட்டி புள்ளையோட வந்து அவ கால்ல விழுந்தான். பாருங்க ஆம்பளை சாமர்த்தியத்தை: கால்ல வேணா விழுவேன், மனசுவிட்டு ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவ என்னா பண்ணுவா? இவனுக்காகச் சுமந்த இந்தச் சதை எனக்கெதுக்கு, எடுத்துக்கோன்னு சிவன்கிட்ட கேட்டு எலும்பும் தோலுமா பேய் வடிவம் வாங்கிக்கிட்டா. அப்பறம் அற்புதத் திருவந்தாதி பாடுனா, கைலாயத்துக்குத் தலையால நடந்தா, அறுபத்து மூணு பேருல ஒருத்தியா ஒக்காந்தா.

ஆனி பௌர்ணமிக்கு, மாங்கனித் திருவிழாவுக்கு வந்து பாருங்க. இந்த மாப்பிள்ளையை மேளதாளத்தோட ஊரே அழைக்கும். மறுநாள் கல்யாணம் பண்ணி வைக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வர்றப்ப மாடியிலேருந்து மாம்பழமா எறைக்கும். பிரிஞ்சுபோவப் போறாங்கன்னு தெரிஞ்சே வருசம் தவறாம கட்டி வைக்கிற துணிச்சல் நமக்குத்தான் உண்டு. 1973ல ஏ.பி. நாகராஜன் இதையே 'காரைக்கால் அம்மையார்'னு படமா எடுத்தாரு. லட்சுமி புனிதவதி, முத்துராமன் பரமதத்தன், பிற்பாடு அம்மையாரா கே.பி. சுந்தராம்பாள். எல்லாம் நல்லாத்தான் எடுத்தாரு. அந்த அம்மா வாயைத் தொறந்ததும் கேக்குற நமக்குப் பக்தி வந்துடுது, வீட்டுக் கதை மறந்துபோயிடுது.

இப்ப 'கிம் ஜி-யங், பார்ன் 1982' பாருங்க. 2016ல சோ நாம்-ஜூ எழுதுன நாவல், கொரியாவுல பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. 2019ல கிம் டோ-யங்குங்கிற பொம்பளை டைரக்டர் படமாக்குனாங்க. வேலையை விட்டுட்டுக் கைக்குழந்தையோட வீட்டுல கெடக்குற பொண்ணு ஜி-யங். அவங்க ஊரு பண்டிகை நாளு, நம்ம பொங்கல்னு வச்சுக்கங்க. மாமியார் வீட்டு அடுப்படியில நின்னே ஓஞ்சுபோறா. தாய் வீட்டுக்குக் கெளம்புற நேரத்துல நாத்தனார் குடும்பம் வந்து எறங்குது, மறுபடியும் அடுப்படி. அப்ப திடீர்னு அவ வாயிலேருந்து அவ அம்மா பேசுறா. சம்பந்தியம்மா, உங்க மவளைப் பாத்துட்டீங்க, எம்மவளையும் அனுப்பி வைங்கன்னு. கூடமே வாயடைச்சுப் போவுது.

நம்ம பக்கம்னா வேப்பிலையோட ஆள் வந்திருக்கும், இல்லாட்டி குணசீலத்துக்குக் காரு புடிச்சிருப்பாங்க. அங்க புருசன்காரன் மனநல டாக்டர்கிட்ட தனியாப் போயி ஒக்காந்து கண்கலங்குறான். நல்ல பையன்தான். ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்ல மாட்டேங்குறான். நீ வேற ஆளாப் பேசுறடீன்னு சொல்ல அவனுக்குப் படத்துல முக்கால்வாசி வேண்டியிருக்கு. ஆக, பொம்பளை தன் மனசுல உள்ளதைச் சொல்லணும்னா ஒண்ணு பேய் புடிக்கணும், இல்ல பேயாவே ஆயிடணும். கொரியாக்காரி மொத வழியில போனா, காரைக்கால்காரி ரெண்டாவது வழியில போனா. மூணாவதா ஒரு வழி இருக்கான்னு கேட்டா, ஆம்பளைங்க எல்லாரும் செல்போனை எடுத்துப் பாப்பானுங்க.

இந்தப் படம் தியேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே, பாக்காமலேயே, அந்த ஊரு ஆம்பளைங்க கணினியில ஒக்காந்து மார்க்கைக் கொறைச்சுப் போட்டாங்க. அதைக் கேட்டதும் எனக்கு அந்த நாட்டு மேல ஒரு பாசமே வந்துடுச்சு. நம்ம சொந்தக்காரங்கதான்.

அடுத்து லீ சாங்-டாங். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து, கதை எழுதி, அப்பறம் படம் எடுக்க வந்த மனுசன். 2003லயும் 2004லயும் அந்த நாட்டுக் கலாச்சார மந்திரியா இருந்துட்டு, நாற்காலியை விட்டு எறங்கி மறுபடியும் படம் எடுக்கப் போயிட்டாரு. எறங்குனாருங்கிறதை நம்ம ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. அவரு 2007ல எடுத்த 'சீக்ரெட் சன்ஷைன்' திருநள்ளாத்துக்காரங்க அவசியம் பாக்க வேண்டிய படம். ஏன்னு சொல்லுறேன்.

புருசன் செத்துப்போனவ ஷின்-ஏ. புள்ளையைக் கூட்டிக்கிட்டு, புருசன் பொறந்த மிர்யாங்ங்கிற ஊருக்குக் குடிவர்றா. அங்க ஒருத்தன் புள்ளையைக் கடத்திக் கொன்னுடுறான். ஒடஞ்சுபோனவளுக்கு மாதாகோயில் கூட்டத்துல ஆறுதல் கெடைக்குது. ஆறுதல் முத்திப்போயி, கொன்னவனை நேர்ல பாத்து மன்னிச்சிடுறேன்னு ஜெயிலுக்குப் போறா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தெளிஞ்ச முகத்தோட ஒக்காந்திருக்கான். கடவுள் என்னை ஏற்கெனவே மன்னிச்சுட்டாருங்கிறான். வெளியில வந்து மயங்கி விழுறா. நான் மன்னிக்கிறதுக்கு முன்னாடி அவனை மன்னிக்க வேற யாருக்கு உரிமைங்கிறதுதான் அவ கேள்வி. அந்த வேசத்துக்கு ஜியோன் டோ-யோனுக்குக் கான் விழாவுல சிறந்த நடிகை விருது குடுத்தாங்க. குடுக்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

இப்ப திருநள்ளாத்து நளதீர்த்தத்துக்கு வாங்க. எங்கெங்கேருந்தோ வர்றாங்க. சனி தொலையட்டும்னு எண்ணெய் தேச்சு முழுவுறாங்க, கட்டியிருந்த துணியைக் கழட்டி விட்டுட்டுப் புதுசு கட்டிக்கிட்டுப் போறாங்க. கரையேறுறவன் முகத்துல ஒரு தெளிவு வரும் பாருங்க, அதை நான் ரொம்ப காலமாப் பாத்துக்கிட்டு வரேன். நல்லா இருக்கட்டும். ஆனா அவன் யாரு குடியைக் கெடுத்தானோ அவ ஏதோ ஒரு ஊர்ல அடுப்பூதிக்கிட்டு இருப்பா. முழுவுறதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேட்டியான்னு கேக்க கொளத்துக்கு வாய் இல்ல. சனீஸ்வரனை நான் கொறை சொல்லல, அவரு வேலையை அவரு பாக்குறாரு. துணியை விட்டுட்டுப் போறவனைத்தான் சொல்லுறேன்.

லீ சாங்-டாங் 2010ல எடுத்த 'பொயட்ரி'யையும் சேத்துப் பாருங்க. ஒரு பாட்டியோட பேரனையும் சேத்து ஆறு பசங்க ஒரு பொண்ணைச் சீரழிக்க, அது ஆத்துல விழுந்து செத்துப்போவுது. பசங்களோட அப்பனுங்க ஓட்டல்ல ஒக்காந்து கணக்குப் போடுறானுங்க: தலைக்கு 50 லட்சம் வோன், மொத்தம் மூணு கோடி, பொண்ணோட தாய்க்குக் குடுத்து மூடிடலாம். பஞ்சாயத்து ரத்தம் எங்க போனாலும் ஒரே நெறந்தான். ஞாபகம் தப்பிக்கிட்டே வர்ற பாட்டி மட்டும் எழுந்திரிச்சு வெளிய போயி பூவைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. பாட்டியா நடிச்ச யூன் ஜியோங்-ஹீ அந்தக் காலத்துப் பெரிய நடிகை. பின்னாடி அந்தம்மாவுக்கே மறதி நோய் வந்து, 2023ல பாரிசுல காலமானாங்க.

பாரிசுன்னதும் நம்ம வீடுங்க ஞாபகம் வருதுல்ல? பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் 1ல நம்ம ஊரு ஆட்சியைக் குடுத்துட்டுப் போனான். 1962 ஆகஸ்ட் 16லதான் சட்டப்படி கைமாறுச்சு. அதுக்கு முன்னாடி சைகோனுக்குச் சிப்பாயாப் போனவன், பின்னாடி பிரெஞ்சுக் குடியுரிமை எழுதி வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனவன், இப்ப வளைகுடாவுக்குப் போறவன், எல்லாரும் வாசல்ல சொன்னது பரமதத்தன் சொன்ன அதே சொல்லுதான். பொருள் தேடிட்டு வரேன். பாவம், முக்கால்வாசிப் பேரு நெசமாவே தேடத்தான் போனாங்க.

அப்படி நெசமாப் போனவன் கதைதான் 2014ல வந்த 'ஓட் டு மை ஃபாதர்'. 1950 டிசம்பர்ல ஹுங்னாம் தொறைமொகத்துல அமெரிக்கக் கப்பல்ல ஏறுறப்ப சின்னப்பய தோள்ல இருந்த தங்கச்சியைத் தவற விட்டுடுறான். அவளைத் தேடி எறங்குன அப்பன் வரல. நான் வர்றவரைக்கும் நீதான் குடும்பத் தலைவன்னு சொல்லிட்டுப் போனதுதான் மிச்சம். அந்தச் சொல்லுக்காக செருமனி நிலக்கரிச் சுரங்கம், வியட்நாம் சண்டைன்னு உடம்பைத் தேய்க்கிறான். 1983ல கொரியாத் தொலைக்காட்சி, சண்டையில பிரிஞ்ச குடும்பங்களைச் சேத்து வைக்க 138 நாள், 453 மணி நேரம் நேரடியா ஒளிபரப்புச்சு பாருங்க, அதுல போயி நின்னு தங்கச்சியைக் கண்டுபுடிக்கிறான். வயசான காலத்துல எல்லாரையும் கடிச்சுக் கொதறுற கெழவனாயிடுறான். அப்பன் திரும்பி வந்தா அடையாளம் தெரியணுமேன்னு பூசான் சந்தைக் கடையை விக்காம வச்சிருக்கான். அதை ஒருத்தன்கிட்டயும் சொல்லல. கடைசியில கூடத்துல புள்ளைங்க பாடிக்கிட்டு இருக்க, உள்ளறையில தனியா நின்னு, அப்பா, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு அழுவுறான். கண்ணீர் ஒரு படி அதிகந்தான், உப்புக் கரிக்கும். இருந்தாலும் பாருங்க. வீட்டுக் கெழவன் ஏன் சிடுசிடுங்கிறான்னு வெளங்கும். நான் அந்தளவுக்கு ஒழைக்கல. சிடுசிடுப்பு மட்டுந்தான் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போவுது.

பாட்டிங்களுக்கு 'தி வே ஹோம்', 2002. நடிச்ச கெழவி கிம் உல்-பூன் அதுவரைக்கும் சினிமாவே பாத்ததில்லையாம். பட்டணத்துப் பேரன் பொரிச்ச கோழி கேக்குறான். வாய் பேசாத கெழவி மழையில நனைஞ்சு ஒரு கோழியைக் கொண்டாந்து முழுசா வேவிச்சு வைக்கிறா. பாக்குறப்ப சிரிப்பீங்க. ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பய, எழுதத் தெரியாத பாட்டிக்கு ரெண்டே ரெண்டு வாக்கியம் எழுதக் கத்துக்குடுக்குறான்: ஒடம்பு சரியில்ல, உன்னைப் பாக்கணும் போல இருக்கு. வாய் இருக்குற நம்ம பாட்டிங்ககிட்ட போன்ல 'சாப்பிட்டியா'ங்குறதுக்கு மேல நாம ஒண்ணும் கேக்குறதுமில்ல.

ஹாங் சாங்-சூன்னு ஒரு டைரக்டர் உண்டு. முப்பது படத்துக்கு மேல எடுத்துட்டாரு. கேமராவை ஒரே எடத்துல நட்டுவச்சிடுவாரு. படிச்ச ஆம்பளைங்க பச்சை பாட்டில் சோஜுவைக் குடிச்சுட்டு, பொம்பளைங்க முன்னாடி ஒளறுவாங்க. அவ்வளவுதான் கதை. அதுக்கெல்லாம் பெரிய பெரிய விழாவுல பரிசு. நாகூர்லேருந்து வாஞ்சூர் எல்லை தாண்டி நாக்கை நனைக்க வர்ற கூட்டத்துக்கு நடுவுல ஒரு கேமராவை வச்சிட்டு வாங்க, சாயங்காலத்துக்குள்ள மூணு படம் தேறும். 'பாரசைட்' பத்தி நான் தனியா ஒண்ணும் சொல்லப் போறதில்ல. 2020ல ஆஸ்கர்ல நாலு விருது வாங்குன ஒடனே, 1999ல வந்த எங்க 'மின்சார கண்ணா' கதைதான் இதுன்னு இங்க ஒரு தயாரிப்பாளர் கெளம்புனாரு. அதுக்கு மேல ஒரு விமர்சனம் யாரு எழுத முடியும்?

கடைசியா ஒரு கோரிக்கை. புதுச்சேரியில இந்தியத் திரைப்பட விழான்னு வருசா வருசம் நடத்தி, சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல விருதெல்லாம் குடுக்குறாங்க. 130 கிலோமீட்டர் தள்ளி காரைக்கால்னு ஒண்ணு இருக்கிறது அவங்களுக்கு ஓட்டு நேரத்துல ஞாபகம் வரும். கலைக்கும் கொஞ்சம் வரட்டும். மாங்கனித் திருவிழா முடிஞ்ச மறுவாரம் ஒரு நாளு ஒதுக்கச் சொல்லிக் கேப்போம். காலையில 'காரைக்கால் அம்மையார்', மத்தியானம் 'கிம் ஜி-யங்', சாயங்காலம் 'சீக்ரெட் சன்ஷைன்'. ஆம்பளைங்களுக்கு முன்வரிசை. எடைவேளையில வெளிக்கதவைப் பூட்டிடணும், இல்லேன்னா பொருள் தேடிட்டு வரேன்னு பாதிப் பேரு கெளம்பிடுவானுங்க. மனுவை யாராவது படிச்ச புள்ளை எழுதிக் கொண்டாங்க, மொதக் கையெழுத்து நான் போடுறேன்.